வாயைக் கட்டச் சொல்வது சுலபம்

ஆசிரியருக்கு,

உடல் பருமன் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற பழைய பல்லவியையே பாடுகிறது. குண்டான பிள்ளையைத் திட்டித் திருத்தச் சொல்லி ஒரு பத்தியும் அதில் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பசிக்கும் என்று கட்டுரையாளர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

கொழுப்பில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன்தான், உடலில் கொழுப்பு இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது. இதன் மரபணுவை 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதான இரண்டு குழந்தைகளைப் பற்றி 1997-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறந்தபோது சாதாரண எடைதான். அப்புறம் ஓயாத பசி, கட்டுக்கடங்காத எடை. அவர்களில் மூத்த சிறுமிக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் சாப்பாடு தானாகக் குறைந்தது, எடையும் இறங்கியது. ஊசியில் ஏற்றியது மன உறுதியை அல்ல!

இப்படி ஒற்றை மரபணுப் பழுதால் வரும் பருமன் மிக அபூர்வம், சரி. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் லெப்டின் நிறையவே இருக்கும். மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அவர்களிடம் சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் பல சேர்ந்து வேலை செய்கின்றன. 2007-ல் தெரியவந்த, எஃப்டிஓ (FTO) என்ற மரபணுவின் வேறுபாடு அதில் ஒன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் பாதகமான வடிவத்தைப் பெற்றவர்கள், அது அறவே இல்லாதவர்களைவிட சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், சாப்பிட்டதும் குறைய வேண்டும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வடிவம் இரட்டையாக உள்ள ஆண்களுக்கு அது அவ்வளவாகக் குறையவில்லை. கவனியுங்கள், அவர்கள் சாதாரண எடை உள்ளவர்கள். ஆக, பருமனால்தான் பசி கெட்டது என்று தள்ளிவிடவும் முடியாது.

மரபணு இருந்தால் விதி முடிந்தது என்று நான் சொல்லவில்லை. எஃப்டிஓவின் பாதிப்பு உடற்பயிற்சி செய்பவர்களிடம் குறைவாகவே தெரிகிறது. ஆனால் உணவு எங்கும் கொட்டிக்கிடக்கும் காலத்தில், பசி அடங்காத உடம்போடு பிறந்தவர் படும் பாடு வேறு.

கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தீராப் பசியும் வேகமாக ஏறும் எடையும் இருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். சில வகைப் பழுதுகளுக்கு மருந்தே வந்துவிட்டது. பிள்ளையைத் திட்டச் சொன்ன பத்தியில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

— ஒரு வாசகர்