ஃபெரெட் மறுவாழ்வுப் பிரிவு: புனரமைப்புப் பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் வணக்கம்.

பொதுக்குழுவில் தாங்கள் ஒப்புதல் அளித்த ஃபெரெட் மறுவாழ்வுப் பிரிவின் பணிகள் முழுமையாக நிறைவுற்றன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். பராமரிப்பின்றி வாடி நம் விலங்குக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்த, நீண்ட உடல் கொண்ட சிறு வளர்ப்பு விலங்குகளான ஃபெரெட்டுகளுக்கு இதுவரை பூனைகள் அறையின் ஒரு மூலையே புகலிடமாக இருந்தது. அங்கே அவை உயிர் பிழைத்தன, ஆனால் தேறவில்லை. எந்தக் குறை அவற்றை வாட்டியதோ அதைத் தீர்க்கும் வேலையே முதலில் நடக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. அந்த வரிசையிலேயே நடந்தவற்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

நீர்நாய் இடம்பெறும் குடும்பத்தையே சேர்ந்த ஃபெரெட், ஐரோப்பியக் காட்டு விலங்கான போல்கேட்டிலிருந்து மனிதர் 2000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கி வளர்த்த வழியில் உருவானது. வியர்வையால் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லாததால், அறை வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே திணறத் தொடங்குகிறது. 32 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்து. எனவே நிதியின் பெரும்பகுதியைக் குளிரூட்டலுக்கும், மின்தடை நேரத்திலும் அது நின்றுவிடாமல் காக்கும் மாற்று மின் ஏற்பாட்டுக்கும் செலவிட்டோம். பார்வையாளர் கூடம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே; ஆயினும் விலங்குகள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, வருவோர் அமர இடம் கட்டுவது முறையன்று என்பதால் அதைத் தள்ளிவைத்தோம். கூரை, குழாய், வண்ணப்பூச்சு வேலைகள் திட்டப்படியே முடிந்தன.

புதிதாக வரும் விலங்குகளைத் தனிமையில் வைக்க, தனி வாயிலும் தனிக் காற்றோட்டமும் கொண்ட அறை ஒன்று எழுப்பப்பட்டுள்ளது. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரெட்டைத் தொற்றினால் அது பிழைப்பது மிக அரிது; ஆகவே தடுப்பூசி விவரம் தெரியாத எந்த விலங்கும் 14 நாள்கள் அங்கே இருந்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கப்படும். மனிதரின் இன்ஃப்ளூயன்சாவும் இவற்றைத் தொற்றும். 1933-இல் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தறிய அறிவியலாளர்களுக்கு உதவியது ஃபெரெட்டுகளே. எனவே சளி, காய்ச்சல் உள்ள தன்னார்வலர்கள், எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், குணமாகும் வரை இப்பிரிவுக்குள் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

சமையலறைக்கு நாங்கள் காட்டிய கவனம் சிலருக்கு மிகையாகத் தோன்றியிருக்கலாம். ஃபெரெட் முழு ஊனுண்ணி. அதன் குடல் குட்டையானது, பெருங்குடலின் தொடக்கத்தில் பை போல அமையும் பெருங்குடல்வாயும் கிடையாது. உண்டது மூன்று, நான்கு மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். தானியமும் பழமும் போட்டு வளர்க்கப்பட்டவை வயிறு நிரம்பியும் மெலிந்தே வருகின்றன. பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பதும் தீங்கு என்பதால், வெதுவெதுப்பான, நீர்த்த இறைச்சிக் கூழைச் சிறுசிறு அளவாக இரவிலும் ஊட்ட வேண்டியிருக்கிறது. மேலும், குட்டிப் பருவத்தில் பழகிய மணத்தையே இவை உணவு என்று ஏற்கின்றன. பழகாத இறைச்சியை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். அப்போது தன்னார்வலர் ஒரு துளிக் கூழை விரல் நுனியில் எடுத்து அதன் உதட்டில் தடவிவிட்டுக் காத்திருப்பார். அது உதட்டை நக்கி, பிறகு விரலை நக்கி, கடைசியில் கிண்ணத்துக்கு வரும். சில விலங்குகளுக்கு இதற்கே பல நாள்கள் ஆகின்றன. இரவுப் பணியாளருக்கான படுக்கையைச் சமையலறையை ஒட்டி அமைத்தது இதற்காகவே.

பரிசோதனை அறையில் மேசை, விளக்கு, எடைக்கருவி ஆகியவை பொருத்தப்பட்டுள்ளன. கவனிப்பாரின்றி வருபவற்றின் நகங்கள் வளைந்து பாதத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும். காதுகளில் நுண்ணிய உண்ணிகளால் கரும்பழுப்பு மெழுகு அடைத்திருக்கும். பிடரித் தோலைப் பிடித்து மெல்லத் தூக்கினால் பெரும்பாலான ஃபெரெட்டுகள் உடலைத் தளர்த்தி நீளமாகக் கொட்டாவி விடும். அந்தச் சில நொடிகளில் நகத்தை வெட்டிவிடலாம். பெண் ஃபெரெட்டுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. இணை சேராமலும் கருத்தடை செய்யப்படாமலும் விடப்பட்டவை நீண்ட காலம் சினைப்பருவத்திலேயே நின்றுவிடுகின்றன. அப்போது மிகும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைச் சிதைத்து, கடும் இரத்தசோகையில் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே வரும் ஒவ்வொரு பெண் ஃபெரெட்டின் ஈறும் வெளுத்திருக்கிறதா என்று அன்றே பார்த்து, கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பது விதியாக்கப்பட்டுள்ளது. வால் பகுதியில் தொடங்கும் முடி உதிர்வு அட்ரினல் சுரப்பி நோயைக் காட்டலாம். அதற்கான மருந்துச் செலவு தொடர்ந்து வரும் என்பதையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும்.

கூண்டுகளின் கம்பி வலைத் தரைகள் அகற்றப்பட்டு, கழுவத்தக்க வழவழப்பான தரை போடப்பட்டது. கம்பி இடைவெளி எங்கும் 2.5 செ.மீ.-க்குக் குறைவு; ஏனெனில் தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் உறங்கும் இவ்விலங்குகளுக்காக உறுப்பினர் குடும்பங்கள் பழைய துணிகளில் தைத்துக் கொடுத்த தூளிகள் எல்லாக் கூண்டுகளிலும் தொங்குகின்றன. ரப்பர், ஸ்பாஞ்ச் பொருள்களை நன்கொடையாகத் தர வேண்டாம். கடித்து விழுங்கினால் குடல் அடைபட்டுவிடும்.

கடிக்கும் விலங்கு பொல்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. அடிபட்டோ வலியிலோ வந்தது கையைக் கண்டால் கடிக்கவே செய்யும். அதை அடிப்பதும் அதட்டுவதும் இங்கே முற்றிலும் தடை. அச்சம் நீங்கிய ஃபெரெட், முதுகை வளைத்து, வாய் திறந்து, பக்கவாட்டில் துள்ளியபடி 'டுக் டுக்' என்று ஒலியெழுப்பும். தத்துக் கொடுக்கும் முன் எடையும் இரத்தப் பரிசோதனையும் சீராக இருப்பதோடு இந்தத் துள்ளலையும் பார்த்தாக வேண்டும் என்பது குழுவின் உறுதியான கருத்து. சேர்ந்து வளர்ந்தவற்றைப் பிரித்தால் ஒன்று உணவை மறுத்துவிடுவதுண்டு என்பதால் அவை இணையாகவே கொடுக்கப்படும்.

தணிக்கை செய்யப்பட்ட வரவுசெலவுக் கணக்கும் ரசீதுகளும் அலுவலகத்தில் உள்ளன. எந்த உறுப்பினரும் எப்போது வேண்டுமானாலும் பார்வையிடலாம். கூலி வாங்காமல் உழைத்த மின்பணியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் குழு மனமார்ந்த நன்றியைத் தெரிவிக்கிறது. மீதித் தொகை முழுவதும் மருந்து நிதிக்கு மாற்றப்பட்டுள்ளது. இரவு உணவூட்டலுக்கு ஆள் போதவில்லை. பயிற்சி பெற முன்வருவோர் பொறுப்பாளரிடம் பெயரைப் பதிவு செய்யுமாறு வேண்டுகிறோம். இப்பிரிவின் அன்றாடப் பொறுப்பு இன்று முதல் பராமரிப்புத் துணைக்குழுவிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இங்ஙனம்,
செயற்குழு