விடுதி மாணவர்களின் ஓட்டு: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஜனவரி 25-ஆம் தேதியும் உங்கள் வளாகத்தில் வாக்காளர் தின உறுதிமொழி எடுக்கிறீர்கள். 2011-இலிருந்து நடந்துவரும் வழக்கம் அது. நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பில் இருந்தபோது நானும் பல வருடங்கள் முன்னால் நின்று உறுதிமொழியை வாசித்திருக்கிறேன். ஒரு வருடம் வாசித்து முடித்த கையோடு, "வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். பாதிப் பேர்கூடத் தூக்கவில்லை. தூக்காதவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகள். "ஊர்ல பதியணுமா, இங்க பதியணுமா, யாரும் சொல்லல சார்" என்றாள் ஒரு மாணவி. அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அவள் கேட்டதற்கு விதி தெளிவாகவே பதில் சொல்கிறது. வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர் பெற்றோர் வீட்டு முகவரியிலும் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம். எது வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது. தெரிந்தே பொய்யான உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைகூட உண்டு. இதை யாராவது ஒருமுறை நிதானமாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விடுதி முகவரியில் பதிய விரும்புகிறவருக்கு அடுத்த சிக்கல் முகவரிச் சான்று. ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் ஊர் முகவரிதான் இருக்கும். மின் கட்டண ரசீது விடுதியின் பெயரில் வரும். அப்படிப்பட்டவருக்குக் கைகொடுப்பது, இவர் இங்கே படிக்கிறார் என்று கல்லூரித் தலைவர் கையெழுத்திட்டுத் தரும் போனஃபைடு சான்றிதழ். அதாவது, உங்கள் கையெழுத்து. அதை வாங்க ஒரு மாணவன் துறைத் தலைவர், வார்டன், அலுவலகம் என்று மூன்று வாரம் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சான்றிதழ் கைக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யார் பெயரையும் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் நாள் வேண்டும் என்பதால், அதற்கும் முன்பே கொடுத்தாக வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தபின் ஓடினால் நேரம் போதாது.

ஆகவே முதலாண்டுச் சேர்க்கையின்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். கட்டணம், புகைப்படம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் எப்படியும் அப்போது வாங்குகிறீர்கள். வயதுச் சான்றுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலே போதும். முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் தகுதி நாள். அன்று 18 நிறையாதவர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 17 முடிந்தவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். உங்களிடம் சேரும் முதலாண்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, நாங்களே தவறு செய்து கற்றுக்கொண்டது. படிவம் 6 முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்கு. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்து விடுதிக்கு மாற்ற வேண்டுமென்றால் படிவம் 8. இது தெரியாமல் எல்லாருக்கும் படிவம் 6-ஐக் கொடுத்தால் ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் ஏறிவிடும். படிப்பு முடிந்து கிளம்பும்போதும் இதே படிவம் 8 வேண்டும். இதை எல்லாருமே மறந்துவிடுகிறோம். மூன்று வருடம் கழித்து விடுதியைக் காலி செய்தவரின் பெயர் விடுதி முகவரியிலேயே கிடக்கும்; அடுத்த பட்டியல் திருத்தத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து, "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போவார். பெயர் நீக்கப்படும், அந்தப் பிள்ளைக்கு எங்குமே ஓட்டு இருக்காது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளில், "ஓட்டை மாற்றிவிட்டாயா?" என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சரி, ஊரிலேயே பெயர் இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள்? அவர்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியது நேரம். வெளியூரில் படிக்கிறார் என்பதற்காக மாணவருக்குத் தபால் ஓட்டு கிடையாது. நேரில் போய்த்தான் போட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அன்று விடுமுறைதான். ஆனால் மறுநாள் காலை இன்டர்னல் தேர்வு என்று அறிவித்தால், எட்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய பிள்ளை என்ன செய்வாள்? விடுதியிலேயே இருந்துவிடுவாள். இதை நான் கண்ணால் பார்த்தேன். இன்றும் மனசு ஆறவில்லை. அவளுடைய முதல் ஓட்டு அது.

வளாகத்துக்குள் அரசியல் வந்துவிடுமோ என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. யாருக்குப் போடு என்று எந்த ஆசிரியரும் வாய் திறக்கக் கூடாது, கட்சி அடையாளத்தோடு யாரும் பெயர் சேர்க்கும் முகாமுக்குள் வரக் கூடாது. இந்த இரண்டிலும் கறாராக இருங்கள். பெயர் சேர்க்க உதவுவது தேர்தல் ஆணையமே கல்லூரிகளிடம் எதிர்பார்ப்பதுதான். வளாகத் தூதர்களாக நியமிக்கப்படும் மாணவர்கள், தேர்தல் கல்விக் குழுக்கள் எல்லாம் அதற்காகத்தான்.

வரும் வாரத்தில் உங்கள் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, விடுதியில் ஒரு நாள் முகாம் நடத்தித் தரக் கேளுங்கள். அந்த நாளில் நீங்களும் விடுதிக்கு வந்து ஒரு மேசையில் உட்காருங்கள். போனஃபைடு சான்றிதழ்களை அங்கேயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம்.

நன்றியுடன்,
ஒரு கல்லூரி ஆசிரியர்