ரோசமண்ட் இல்லை, இடா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் காதலி ரோசமண்ட் கிளிஃபர்டைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். வுட்ஸ்டாக்கில் ஒரு புதிர்ப்பாதை, அதன் நடுவே ஒளித்து வைக்கப்பட்ட அழகி, நூலைப் பிடித்துக்கொண்டே வந்து கத்தி வேண்டுமா விஷம் வேண்டுமா என்று கேட்கும் ராணி எலினோர்... கதை என்ற அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. (ரோசமண்ட் இறந்த 1176 வாக்கில் எலினோரே கணவரின் காவலில் அடைபட்டுக் கிடந்தார், அவர் எங்கே போய் விஷம் கொடுப்பது? சரி, அதை விடுங்கள்.) என் புகார் கடைசிப் பத்தியைப் பற்றியது. மன்னருக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த வில்லியம் லாங்ஸ்பீ, அதாவது பின்னாளில் சாலிஸ்பரி பிரபு ஆனவர், ரோசமண்டின் பிள்ளை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இல்லை. அவருடைய அம்மா பெயர் இடா.

இது யாரோ ஊகித்துச் சொன்னது இல்லை, லாங்ஸ்பீயே சொன்னது. வில்ட்ஷயரில் பிராடன்ஸ்டோக் என்றொரு மடம் இருந்தது. அவருடைய மனைவி ஏலாவின் முன்னோர் நிறுவிய மடம். அதற்கு அவர் எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தில் 'என் தாய் இடா சீமாட்டி' என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் மடத்துக்கு நிலமோ வருமானமோ எழுதி வைப்பவர்கள் இன்னின்னார் ஆன்மாவின் நன்மைக்காக என்று அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தானத்துக்கே வருவார்கள். போர், பட்டாபிஷேகம் என்று எழுதிக்கொண்டிருந்த வரலாற்று ஆசிரியர்கள் கண்டுகொள்ளாத எத்தனையோ பெண்கள் இப்படிப்பட்ட பத்திரங்களில்தான் உயிரோடு இருக்கிறார்கள். மடத்துத் துறவிகள் இவற்றை ஒரு பேரேட்டில் படியெடுத்து வைத்தது இடாவின் மேல் இருந்த பாசத்தால் இல்லை, நாளைக்கு யாராவது நிலத்துக்கு வழக்குப் போட்டால் காட்ட வேண்டுமே என்றுதான். அந்தப் பேரேடு 1979லேயே அச்சாகிவிட்டது.

சரி, எந்த இடா? சீமாட்டி (கவுண்டஸ்) என்று பட்டத்தோடு வருவதால் ஒரு பிரபுவின் (ஏர்ல்) மனைவியாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிரபுப் பட்டம் உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் நார்ஃபோக் பிரபு ரோஜர் பிகாடின் மனைவி பெயர் இடா. இதோடு விட்டிருந்தால் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் என்று தள்ளிவிட்டிருப்பார்கள். முடிச்சு அவிழ்ந்தது பிரான்சில் இருந்த ஒரு காகிதத்தால், காகிதம்கூட இல்லை, தோல். 1214 ஜூலை 27 அன்று பூவீன் போர்க்களத்தில் பிரெஞ்சு மன்னர் பிலிப்பிடம் ஆங்கிலேயத் தரப்பு தோற்றது. லாங்ஸ்பீயும் பிடிபட்டார், அவரைத் தலையில் அடித்து வீழ்த்தியவர் போவே நகரத்து ஆயர் என்பது தனிக் கூத்து. பிடிபட்டவர்களின் பட்டியலை பிலிப்பின் அலுவலர்கள் எழுதி வைத்தார்கள். அதில் ஒரு பெயர் ரால்ஃப் பிகாட், பக்கத்திலேயே 'சாலிஸ்பரி பிரபுவின் சகோதரன்' என்று ஒரு குறிப்பு. ரால்ஃபின் அப்பா பிகாட், லாங்ஸ்பீயின் அப்பா மன்னர். அப்பா வேறு வேறு என்றால் இருவரும் சகோதரர் ஆவது அம்மா வழியில்தானே? கைதிகளை எண்ணிக்கொண்டிருந்த ஏதோ ஒரு எழுத்தருக்குத் தான் எழுதுவது ஒரு குடும்ப மரத்தையே திருத்தப்போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இனி இடாவின் கல்யாணக் கதை. இதைத்தான் நீங்கள் ரோசமண்டை விட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும் என்பேன். ரோஜரின் அப்பா ஹியூ பிகாட் 1173ல் மன்னருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தவர். அதன் விளைவாக அவருடைய ஃபிராம்லிங்கம் கோட்டையை மன்னர் இடிக்கச் சொன்னார், ஹியூ இறந்ததும் சொத்தில் மாற்றாந்தாய் மகன்களும் பங்கு கேட்டு வந்தார்கள், ரோஜருக்குப் பிரபுப் பட்டம்கூட உடனே கிடைக்கவில்லை. 1181 கிறிஸ்துமஸ் வாக்கில் ஹென்றி இடாவை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். கூடவே பிகாட் குடும்பத்திடமிருந்து முன்பு பறித்த ஏக்கில், ஹால்வர்கேட், சவுத் வால்ஷம் என்ற மூன்று நார்ஃபோக் கிராமங்களையும் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் சொத்தையே எடுத்து அவர்களுக்கே சீதனமாகக் கொடுப்பது, மன்னர் என்றால் இப்படியும் செய்யலாம்! பட்டம் 1189ல் ரிச்சர்ட் அரசரான பிறகுதான் வந்தது.

அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்துபோனால் அவருடைய சின்னப் பிள்ளைகள் மன்னரின் பொறுப்பில் வந்துவிடுவார்கள், பெண் பிள்ளையை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்ற உரிமையும் சேர்த்து. அதைக் காசுக்கு விற்கவும் செய்தார்கள். 1185ல் பன்னிரண்டு மாவட்டங்களில் இருந்த விதவைகளையும் இப்படிப்பட்ட பிள்ளைகளையும் கணக்கெடுத்த ஏடு இன்றும் இருக்கிறது: வயது என்ன, நிலத்தின் மதிப்பு என்ன, எத்தனை மாடு, எத்தனை ஆடு. எல்லாம் ஒரே வரிசையில். இடாவும் அப்படி மன்னரின் பொறுப்பில் இருந்த பெண்தான். அந்த நிலையில் அவருக்கு மன்னரால் ஒரு பிள்ளை பிறந்தது என்பதைக் காதல் கதை என்று எழுத எனக்குக் கை வராது. அவருடைய பிறந்த வீடு ஃபிளாம்ஸ்டெட் டோஸ்னி குடும்பம், அப்பா 1162ல் இறந்த ரால்ஃப், அம்மா லெஸ்டர் பிரபுவின் மகள் மார்கரெட் என்று இப்போது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். லாங்ஸ்பீயின் தாய் யார் என்பதற்கு இருப்பது போல நேரடியான ஒரு வரி இதற்கு இல்லை, ஆகவே இதைப் போடும்போது 'என்று கருதப்படுகிறது' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களை நம்பி இனிமேல் எதையும் அச்சேற்றாதீர்கள். ஒருவர் ரோசமண்ட் என்று போட்டால் அதைப் பார்த்து நூறு பேர் போடுகிறார்கள், நூறு பேர் போட்டதால் அது சரியாம். லாங்ஸ்பீயைப் பற்றி ருசிகரமாக ஏதாவது வேண்டுமென்றால் சாலிஸ்பரிக்குப் போங்கள். 1226ல் இறந்து அங்கே பேராலயத்தில் அடக்கமானவரின் கல்லறையை 1791ல் திறந்தபோது மண்டையோட்டுக்குள் ஒரு எலி செத்துக் கிடந்ததாம், அந்த எலியை இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

தொடரின் அடுத்த பகுதி 1215ன் மாக்னா கார்ட்டா என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்தச் சாசனத்தின் தொடக்கத்தில் மன்னர் ஜானுக்கு ஆலோசனை சொன்னவர்களின் பெயர்களில் சாலிஸ்பரி பிரபு வில்லியம் வருவார். சாசனத்தை மன்னர் மீறாமல் பார்த்துக்கொள்ள எதிர்த்தரப்பு நியமித்த இருபத்தைந்து பேரில் ரோஜர் பிகாடும் அவர் மகன் ஹியூவும் வருவார்கள். இடாவின் ஒரு மகன் அந்தப் பக்கம், கணவரும் இன்னொரு மகனும் இந்தப் பக்கம். அங்கேயாவது அவர் பெயரைச் சரியாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை விடாமல் படிக்கும் ஒரு வாசகி,
திருச்சி