ஆ ஃபமோசாவோடு திரும்பிவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தமிழ்ப்பள்ளிப் பேருந்துகள் மலாக்காவுக்குக் கிளம்பிவிடும். அதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு முறை மாணவர்களை மலாக்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஆறு முறையும் ஒரே வழிதான்: சிவப்புக் கட்டடம், செயின்ட் பால் குன்று, போர்த்துகீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டை வாசலில் குழுப்படம், சாப்பாடு, பேருந்து. 1511 போர்த்துகீசியர், 1641 டச்சுக்காரர், 1824 ஆங்கிலேயர் என்று மலாக்காவை ஆண்டவர்களைப் பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டே வீடு திரும்புவார்கள்.

சென்ற மாதம் நானும் என் மனைவியும் இரண்டு இரவு தங்கிவரப் போனோம். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம். முதல் நாள் வழக்கமான கூத்துதான். பொம்மைகள் தொங்கும் திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறினோம். பாட்டுச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. கோழிச்சோற்று உருண்டைக்கு வரிசையில் நின்றோம். (உருட்டி வைத்தால் சோறு வேறாகிவிடுமா என்பது என் கட்சி. மனைவி இன்னொரு தட்டு வாங்கினார்.)

மறுநாள் பசியாறிவிட்டு ஜாலான் துக்காங் எமாசில் உள்ள பொய்யாத விநாயகர் கோயிலுக்குப் போனோம். டச்சுக்காரர் காலத்தில், 1781இல், அவர்கள் கொடுத்த நிலத்தில் தெய்வநாயகம் செட்டி கட்டிய கோயில். சன்னதி முன்னால் ஒரு மூதாட்டி கண்மூடி நின்றிருந்தார். நெற்றி நிறைய திருநீறு, உடுத்தியிருந்தது மலாய்ப் பெண்களின் சாரோங் கெபாயா. "எந்த ஊரும்மா?" என்று மனைவி தமிழில் கேட்டார். அவர் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார்: தான் மலாக்கா செட்டி, வீடு காஜா பெராங்கில், நேரமிருந்தால் வந்து பாருங்கள்.

போனோம். காரில் பத்து நிமிடம்தான். வீட்டு நிலைகளில் மாவிலைத் தோரணம், உள்ளே மலாய்ப் பேச்சு. சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, இங்குள்ள பெண்களை மணந்துகொண்ட வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். நாக்கிலிருந்து தமிழ் போய்விட்டது, சாமி போகவில்லை. பொங்கலுக்கு முதல்நாள் முன்னோர்களுக்கு வாழையிலை போட்டுப் படைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'போகி பார்ச்சு'. மாரியம்மன் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்கிறார்கள். எனக்கோ, செட்டி என்றால் பின்னாளில் லேவாதேவிக்கு வந்த நாட்டுக்கோட்டையார் நினைப்புதான். இரண்டும் வேறு என்பது அந்தத் தெருவில் நின்றபோதுதான் உறைத்தது.

"இத்தனை தடவை பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்தீங்களே, இதைக் காட்டலையா?" என்றார் மனைவி. நான் கார் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, அட்டவணையில் காஜா பெராங்குக்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே சிறிய அருங்காட்சியகமும் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. சன்னலில் கைப்பேசியை நீட்ட வேண்டாம் என்று பேருந்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நேரம் போதாவிட்டால் கடைத்தெருவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். செண்டோல் அப்புறம் குடிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கிள்ளான்