ஐந்து நொடி மௌனத்துக்கு நன்றி

அன்புடையீர்,

நான் மீண்டும் பேசத் தொடங்கி இன்றோடு ஒன்பது நாள்கள் ஆகின்றன. நாளொன்றுக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் பேசக் கூடாது என்று குரல் பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், உங்கள் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். என் குரலுக்கு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. தொண்டைக் கம்மல் நான்கு வாரங்களில் தீராவிட்டால் குரல்வளையைக் கருவி வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிசிஷியன் அசிஸ்டன்ட் (மருத்துவரோடு இணைந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தருபவர்) படிப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பித்துவந்த நானே பதினொரு வாரங்கள் தள்ளிப்போட்டேன் என்பதை மட்டும், என் மாணவர்கள் கேலி செய்ய வசதியாக, ஒப்புக்கொள்கிறேன்.

என் வகுப்புகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட சக ஆசிரியர்களுக்கும், பாடங்களைக் கேட்டுப் படிக்க நான் நடத்தும் பாட்காஸ்டின் பழைய பதிவுகளைச் செப்பனிட்டு வாரந்தவறாமல் வெளியிட்ட ஒலித்தொகுப்பாளருக்கும், மருத்துவமனையில் உடனிருந்த நண்பர்களுக்கும், இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில் புதிய பதிவு இல்லையே என்று எழுதிய முன்னாள் மாணவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

பேசவே கூடாது என்றிருந்த நாள்களில் ஒருநாள், சான்றிதழ்த் தேர்வுக்கான திருப்புதல் வகுப்பைப் பலகையில் எழுதியே நடத்திவிடலாம் என்று துணிந்தேன். 300 வினாக்களுக்கு ஐந்து மணி நேரம், அதாவது வினாவுக்கு ஒரு நிமிடம் தரும் தேர்வு அது; நானோ ஒரு வினாவை எழுதி முடிக்கவே மூன்று நிமிடங்கள் எடுத்துக்கொண்டேன். வகுப்பு மெல்ல மெல்லக் கைப்பேசிகளுக்குள் போய்விட்டது. அப்போது, ஓராண்டில் ஒருமுறைகூட வகுப்பில் வாய் திறந்திராத ஒரு மாணவி கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து, பலகையருகே நின்று, நான் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார். நெடுங்காலம் புகைபிடித்தவர், ஆறு வாரங்களாகக் குரல் கம்மல், இடது குரல்நாண் அசையவில்லை, கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. அடுத்து எங்கே தேடுவீர்கள்?

படித்துவிட்டு நிறுத்தினார். நான் விடையை எழுதப் போனபோது, பொறுங்கள் என்று கைகாட்டினார். கேட்பவர் தம் நினைவிலிருந்து விடையைத் தாமே எடுக்கட்டும் என்று, பாட்காஸ்டில் ஒவ்வொரு வினாவுக்கும் பிறகு ஐந்து நொடிகள் மௌனம் விடுவது என் வழக்கம். அது எரிச்சலூட்டுகிறது என்று சிலர் எழுதியதுண்டு. வெட்டிவிடலாமா என்று நானும் யோசித்ததுண்டு. அந்த ஐந்து நொடிகளை அவர் அளவு பிசகாமல் விட்டார். நடுவரிசையிலிருந்து ஒருவர் "மார்பில்" என்றார். குரல்வளைக்குச் செல்லும் இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றித்தான் மேலேறுகிறது, நுரையீரல் கட்டி அதை அங்கே நெருக்கலாம் என்று இன்னொருவர் விளக்கினார். இப்படியே இரண்டு மணி நேரம் வகுப்பு நடந்தது.

ஐந்து நொடி விட வேண்டும் என்று எப்படித் தெரியும் என அந்த மாணவியிடம் பிறகு ஒரு தாளில் எழுதிக் கேட்டேன். பயிற்சிக்குப் போகும் வழியெல்லாம் பாட்காஸ்ட் கேட்பதாகவும், மௌனம் வரும்போது விடையைச் சத்தமாகச் சொல்வதாகவும், காரில் வேறு யாரும் இல்லாததால் கூச்சமில்லை என்றும் சொன்னார். பேசாதவர் என்று நான் குறித்துவைத்திருந்தவர், தினமும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி பார்த்துத் திரும்பிய நால்வரைக் கொண்டு பிசிஷியன் அசிஸ்டன்ட் தொழிலுக்கான முதல் வகுப்பைத் தொடங்கிய கதையை, ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளில் முக்கால் மணி நேரம் சொல்வேன். இனி அதைப் பத்து நிமிடங்களில் முடித்துவிட்டு, நீங்கள் என்ன தெரிந்துகொண்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுக் காத்திருக்கப் போகிறேன். அந்த நால்வரும் வெறுங்கையோடு வந்தவர்கள் அல்லர் என்பதை நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

புதிய பதிவுகள் அடுத்த மாதம் தொடங்கும். மௌனம் இனி ஏழு நொடிகள், எரிச்சல்படுவோர் பொறுத்தருள்க.

நன்றியுடன்,
உங்கள் ஆசிரியர்