லெட்டூஸ் வயலிலிருந்து வாஷிங்டனுக்கு

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

நீ கணக்கு வாத்தியார் என்பதால் உனக்கு இவரைப் பிடிக்கும். தலீப் சிங் சௌந்த். பஞ்சாபில் 1899-ல் பிறந்தவர். பழங்களை டின்னில் அடைக்கும் தொழிலைப் படிக்க 1920-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர், கடைசியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்புறம் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் என்கிற சாலட் கீரை சாகுபடி! இந்தியர்கள் குடியுரிமை பெற முடியாது என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவன் சொந்தமாக நிலம் வாங்கவும் அப்போது அங்கே வழியில்லை.

மனுஷர் சும்மா இருக்கவில்லை. சங்கம் வைத்து, ஆள் திரட்டி, சட்டத்தை மாற்றச் சொல்லி அலைந்தார். 1946-ல் சட்டம் மாறியது, 1949-ல் குடிமகனானார். மறு வருஷமே வெஸ்ட்மார்லண்டில் உள்ளூர் நீதிபதி பதவிக்கு நின்று ஜெயித்தார். குடிமகனாகி ஒரு வருஷம் நிறையவில்லை என்று அந்த வெற்றியைச் செல்லாது என்றார்கள். நானாக இருந்தால் போதுமடா சாமி என்று வயலுக்கே திரும்பியிருப்பேன். அவர் 1952-ல் மறுபடி நின்றார். “நீ ஜெயித்தால் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகையை நீயே கொடுப்பாயா, நாங்கள் வாங்கிக்கொண்டு வரணுமா?” என்று ஊர்ப் பிரமுகர் ஒருவர் கிண்டல் செய்தாராம். தலைக்கு மேல் என்ன இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன் என்கிற தோரணையில் பதில் சொல்லியிருக்கிறார். ஜெயித்தும் விட்டார்.

1956-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தேர்தல். எதிர்த்து நின்றவர் சாமானியப்பட்டவர் இல்லை. ஒலியின் வேகத்தைத் தாண்டி விமானம் ஓட்டிய முதல் பெண்மணி ஜாக்குலின் காக்ரன். அவரையும் தோற்கடித்து, அந்தச் சபைக்குள் ஓட்டுரிமையுள்ள உறுப்பினராகப் போன முதல் ஆசியரானார் நம் விவசாயி. எனக்கென்னவோ இந்தப் பெரிய வெற்றியைவிட அந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டுக்கு இரண்டாம் தடவை நின்றதுதான் பெரிசாகப் படுகிறது. நீ என்ன நினைக்கிறாய்?

மூன்று முறை தொடர்ந்து ஜெயித்தார். 1962-ல் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அந்தத் தேர்தலில் தோற்றார். 1973-ல் காலமானார். அவருக்குப் பிறகு இன்னொரு இந்திய வம்சாவளிக்காரர் அங்கே நுழைய 2005 ஆகிவிட்டது என்பதைப் பார்.

தை மாதம் அந்தப் பக்கம் வருவேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்