அம்மா கண்ணில் வராத தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்பாய். போன வாரம் வீடியோவில் பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் தண்ணீர் பாட்டிலை எடுத்தாய். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்கூடக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பல வருடப் பழக்கம்.

டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறாய் என்று தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. உடம்பு தன்னையே எதிர்க்கிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ டெஸ்ட் பாசிட்டிவ் என்று மட்டும் வந்திருந்தால் பயப்படாதே, நோயே இல்லாதவர்களுக்கும் அது வரும். ஆன்டி-ரோ என்று ஒரு வரி இருக்கும், எஸ்எஸ்ஏ என்றும் போடுவார்கள்; சொந்த உடம்பையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் அது. அதைப் பார். அம்மாவுக்கு இருப்பது அது. கண்ணீரையும் எச்சிலையும் வற்றவைக்கும் ஷோக்ரென் நோயிலும் வரும், தோல், மூட்டு என்று பல இடத்தைத் தாக்கும் லூபஸ் நோயிலும் வரும். நீயே தேடிப் படித்து முடிவு கட்டாதே, மூட்டுவாத டாக்டரிடம் போ. சளி, அலர்ஜி மாத்திரைகூட வாயை உலர்த்தும், சாப்பிடுவதை எல்லாம் சொல். பல் டாக்டரையும் பார். எச்சில் குறைந்தால் பல் என்ன ஆகும் என்று அம்மாவைப் பார்த்தவளுக்கு நான் சொல்ல வேண்டாம்.

வேலை, ஊர் மாறியது எல்லாம் நீயே முடிவெடுத்தாய். எனக்குப் பெருமைதான். அதற்காக ரிப்போர்ட்டையும் நீயே பூட்டி வைத்துக்கொள்வாயா?

இன்னொன்று. அப்பா கேட்கும் விஷயம் இல்லை, அதனால் கேட்கவில்லை. சொல்லி மட்டும் வைக்கிறேன். அந்த ஆன்டி-ரோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைக்கு இதயத் துடிப்பு தடைபட்டு மெதுவாகிவிடும். முன்பே தெரிந்தால் 18 முதல் 26 வாரம் வரை ஸ்கேனில் அந்த இதயத்தைக் கவனமாகப் பார்ப்பார்கள். ஆபத்தைக் குறைக்க ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் தருவார்கள். தெரியாமல் இருப்பதுதான் வம்பு. நீயும் தம்பியும் நன்றாகத்தான் பிறந்தீர்கள். சரி, விடு.

பாட்டி போன அன்று உனக்கு 12 வயது. "பெற்றவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வருகிறதா பார்" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் அம்மாவைச் சொன்னேன். நீ கதவோரம் நின்றிருந்தாய். மூன்று வருடம் கழித்து கண் டாக்டர் அவள் இமையில் காகிதப் பட்டையைச் செருகிவிட்டு 5 நிமிடம் காத்திருந்தார். 5 மில்லிமீட்டர் தாண்டாவிட்டாலே வறட்சி என்றார். அவளுக்கு நனைந்தது 2. கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்துகிறது என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். டிவியைக் குறை என்று சொல்லிவிட்டுப் போனவன் நான். அந்தப் பட்டையைப் பார்த்த பிறகும் அன்று பேசியதைப் பற்றி அவளிடம் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

நீ எதையும் என்னிடம் சொல்லாமல் இருப்பது அதனால்தானோ என்று நேற்று ராத்திரி தோன்றியது. அப்புறம் தூக்கம் வரவில்லை.

ரிப்போர்ட்டை எனக்கு வேண்டாம், அம்மாவுக்காவது அனுப்பு. பல் டாக்டர், மறக்காதே. அம்மா தூங்குகிறாள். எழுந்ததும் இதை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

அப்பா